உப்பளக் காலனியின் சங்கு

"கழற்றச் சொல்லிட்டாங்க, சகாயம்மா."

டீக்கடை பெஞ்சருகே தில்லைநாயகம் ஸ்பானரைத் தரையில் போட்டார்.

குடிநீர்க் குழாய்களில் அழுக்கைக் கண்டால் கம்பியில்லாமலே அபாயச் சங்கை அலறவைக்கும் சென்சார்களைப் பொருத்த நகராட்சிக்கு வந்த பொறியாளர் அவர். வயது நாற்பத்தொன்பது. வால்வு திறந்துவிடும் சகாயமேரிக்கு முப்பத்தாறு. எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதற்கு ஊரில் வரைபடம் கிடையாது. அவள் தலைக்குள்தான் இருந்தது. மூன்று மாதம் அவள் சைக்கிளுக்குப் பின்னால் நடந்து படித்தார்.

'வால்வுக்காரிக்கு வாய்த்த சிஷ்யப்பிள்ளை' என்று அலுவலகம் சிரித்தது.

"எதைக் கழற்றணுமாம் சார்?"

"உப்பளக் காலனி சென்சாரை. ஒரு வாரமா, தண்ணி விட்டதும் சங்கு அலறுது. சாக்கடை கலக்குதுன்னு ஆணையர்கிட்ட சொன்னேன். மிஷின் கோளாறுங்கிறார். தொட்டியடியில வைக்கணுமாம். அங்கதான் ரீடிங் அழகா வருதாம்."

"காலனியில எப்படி?"

"நேத்து மூணாவது பிள்ளைக்கும் மஞ்சக்காமாலை."

"சங்கு எங்க இருக்கு?"

"அங்கேயேதான். காலனிக் கம்பத்துல."

அவள் எழுந்தாள். அவருடைய வலது கால் பெருவிரலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"அம்மாடி!"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க சார் மிதிச்சேன்?"

"கால்லதான்! உங்களுக்கென்ன பைத்தியமா?"

"அப்ப வாய் எதுக்குக் கத்துது?"

நொண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

பிறகு குனிந்து ஸ்பானரை எடுத்தார்.

"ஏணி கிடைக்குமா?"

"எவ்வளவு உயரம்?"

"மாடி வீடு."

மறுநாள் காலை ஆறு மணி. சகாயமேரி வால்வைத் திறந்தாள். முந்தின இரவே அவள் சொல்லிவைத்திருந்ததால் காலனியில் ஒருவரும் தண்ணீர் பிடிக்கவில்லை. குடங்கள் வாசலில் கவிழ்ந்தே கிடந்தன. சென்சார் இருந்த இடத்திலேயே இருந்தது.

சங்கு மட்டும் இரண்டு மைல் தள்ளி, ஆணையர் வீட்டு மாடிச் சுவரிலிருந்து அலறியது.

பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஆணையர் வாசலுக்கு ஓடிவந்தார். கேட்டருகே தில்லைநாயகம் கைகட்டி நின்றிருந்தார்.

"நிறுத்துய்யா அதை! இல்லேன்னா இன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க சார்."

சங்கு நிற்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆணையர் காதைப் பொத்திக்கொண்டார்.

"இதுல என்னதான்யா கோளாறு?"

தில்லைநாயகம் வீங்கியிருந்த பெருவிரலைப் பார்த்தார்.

"வாயில ஒண்ணுமில்ல சார். கால்ல."