மெழுகுவத்திக்கு முன்னால ஒரு சண்டை

வேல்ஸ்னு ஒரு தேசம். எப்பப் பாத்தாலும் மழை. அங்க ஒல்வென்னு ஒரு பாட்டு டீச்சர். நிலக்கரி வெட்டுனவரோட மக. ஆப்பெரா பாடுனவங்க. அதுல நாடகம் பூராவும் பாட்டுதான், மைக்கும் கிடையாது. முப்பது வருஷம் ஊர் ஊரா மேடை ஏறிட்டு, அப்புறம்தான் சொல்லிக்கொடுக்க உக்காந்தாங்க. அவங்க அப்பா சர்ச்சுல கட்டைக்குரல்ல பாடுனா பெஞ்சே அதிருமாம். அது கிடக்கட்டும்.

ஒருநாள் காலைல, அவங்ககிட்ட படிச்ச நெஸ்டா கதவக்கூடத் தட்டாம உள்ள வந்தா. கையில கசங்குன பேப்பர்.

"பாத்தீங்களா டீச்சர் இந்த அநியாயத்த?"

முந்தின நாள் ஆட்டத்துல கதாநாயகிக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அந்தம்மா மேடையில வாய மட்டும் அசைச்சா. தட்டிக்குப் பின்னால நின்னு மூணு மணி நேரம் பாடுனது நெஸ்டா. அப்படி ஆச்சுன்னா, திரை தூக்குறதுக்கு முன்னாடி மேனேஜர் வந்து, இன்னைக்குப் பாடப்போறது இன்னாருன்னு சபையில சொல்லணும். அதான் முறை. அந்த ஆளு மூச்சு விடல. பேப்பர்காரனும் கதாநாயகி குரல் தேனுன்னு எழுதிட்டான்.

"என் குரல எடுத்து அவ கழுத்துல மாட்டிட்டாங்க! இன்னைக்கும் நான் போய்ப் பாடணுமாம். அந்த மேனேஜர் மூஞ்சிக்கு நேரா கத்திட்டு, இந்தப் பாட்டே வேணாம்னு வந்துடறேன்."

"நானும் கத்தியிருக்கேன்டி, உன் வயசுல. எனக்குன்னு சொன்ன வேஷத்த இன்னொருத்திக்குக் கொடுத்துட்டான் ஒருத்தன். நான் கத்துன கத்துல மூணு மாசம் பேச்சே வரல. சிலேட்டுல எழுதிக் காட்டித்தான் பால் வாங்குனேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? பாத்தீங்களா, இவளுக்குக் குரலே இல்லன்னான்."

"அப்போ வாய மூடிட்டு இருக்கணுமா?"

டீச்சர் மெழுகுவத்திய ஏத்தி, அவ வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடிச்சாங்க. அது அவங்க வச்சிருந்த பயிற்சி. பாடும்போது சுடர் ஆடுனா மூச்சு வீணாப் போகுதுன்னு அர்த்தம். முதல் வருஷம் பூரா நெஸ்டாவுக்கு இதேதான் பாடம். ஒருதரம் புருவம்கூடக் கருகிடுச்சு, பாவம்.

"இப்பப் போய்ப் பாடச் சொல்றீங்களா?"

"பாட வேணாம். அந்த ஆளுகிட்ட சொல்லப்போறதச் சொல்லு."

"திருட்டுப் பயலே..."

பொசுக்குனு அணைஞ்சுது. டீச்சர் திரும்ப ஏத்துனாங்க.

"உனக்கு வெக்கமா இல்ல..."

அணைஞ்சுது.

"எனக்கு வயிறு எரியுது, நீங்க விளையாடுறீங்க டீச்சர்!"

"எரியட்டும். அத யாரு குறைக்கச் சொன்னா? மூச்சப் பிடிச்சு வை."

தீப்பெட்டி பாதி காலி. பதினோராவது தரம் நெஸ்டா சொன்னா:

"நேத்து பாடுனது நான். இன்னைக்குத் திரை தூக்குறதுக்கு முன்னாடி என் பேரச் சொல்லணும். சொல்லலன்னா பாடமாட்டேன்."

சுடர் அசையல. அவ கண்ணுல கோபமும் ஒரு பொட்டு குறையல.

டீச்சர் அவ கோட்ட எடுத்து நீட்டுனாங்க. "கிளம்பு."

வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்புனா நெஸ்டா. "இவ்ளோ மெதுவாச் சொன்னா அவனுக்குக் கேக்குமா டீச்சர்?"

"அறுபது வாத்தியத்தத் தாண்டி, கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவனுக்கு உன் குரல் கேக்குது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குக் கேக்காதா?"