அடுப்புக்குள்ள கம்பு

ஆலடிவிளை சிகாமணி மாஸ்டர் வாயத் தொறந்தா பக்கத்துல நிக்கவங்க நாலடி தள்ளி நிப்பாங்க. பொய் வந்து மேல விழுந்துரப்படாதுல்லா!

முழுப் பேரு ஞானசிகாமணி. சர்ச்சுத் தெருவுல சின்னதா ஒரு பேக்கரி. ரொட்டி, பன்னு, தேங்கா பிஸ்கட் எல்லாம் நல்லாத்தான் போடுவாரு, அதுல யாரும் குத்தம் சொன்னதில்ல. ஆனா கேக்கு ஆர்டர் மட்டும் ஒருத்தரும் குடுக்க மாட்டாங்க. போன கிறிஸ்மசுக்கு, “நம்ம சர்ச்சுக் கோபுர உசரத்துக்குக் கேக்கு செஞ்சு நிறுத்துதேன்”னு சொல்லிட்டு, கடைசியில ஒரு டிபன் பாக்ஸ் உசரத்துக்குக் கொண்டாந்து வச்சாரு. கேட்டதுக்கு, “பக்கத்து ஊர்ல இருந்து பாத்தா கோபுரம் இம்புட்டுதாம்வே தெரியும்”னுட்டாரு.

அவரு பெஞ்சாதி செல்லக்கனிக்கு இதெல்லாம் பழகிப்போச்சு. ஆனா அந்தச் சனிக்கிழம காலைல அவ விடியதுக்கு முன்னாலயே எந்திரிச்சுட்டா. விஷயம் என்னன்னா, அடுத்த வாரம் அறுப்பின் பண்டிகை. அவனவன் வயல்ல வெளஞ்ச தானியத்தக் கொண்டாந்து ஆலயத்துல படைக்கிற நாளு. இந்த வருசம் அந்தக் கம்பு, கேப்பை, தினையிலயே ஐநூறு கேக்கு செஞ்சு ஊருக்குக் குடுக்கணும்னு கமிட்டியில பேசி முடிச்சுட்டாங்க. மைதா ஒரு சிட்டிகை கூடாது, சீனி கண்ணுல காட்டக்கூடாது. பேரீச்சம்பழம், அத்திப்பழம், கிஸ்மிஸ், இதுகளோட இனிப்புதான். ருசி பாத்து எந்தக் கடைக்கு ஆர்டர்னு முடிவு சொல்ல இன்னைக்கு ரெண்டு பேரு வாராங்க.

இந்த ஆர்டரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தொறந்திருக்க புது பேக்கரிக்குப் போயிட்டா, கடைய மூடிட்டு மெட்ராசுல மச்சான் ஓட்டலுக்குப் பரோட்டா போடப் போயிருவேன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. அவரு சொன்னதுலயே அது ஒண்ணுதான் நெசம்னு செல்லக்கனிக்குத் தெரியும், ஏன்னா அதச் சொல்லும்போது அவரு கையக் கால ஆட்டல. இருபத்திரண்டு வருசமா அந்தப் புளுகக் கேட்டுக் கேட்டுத் திட்டினவதான் அவ. ஆனா அந்தப் புளுகு இல்லாத வீட்டுல ஒத்தையில எப்பிடி இருக்கதுன்னு நெனச்சா அவளுக்கு அழுகையா வந்துச்சு.

மாவக் கலந்தது அவதான். பேரீச்சம்பழத்தக் கொட்ட எடுத்து, வெந்நியில ஊறப்போட்டு அரச்சு, வறுத்த கம்பு மாவும் கேப்பை மாவும் சேத்து, முட்டைய அடிச்சு ஊத்தி, நறுக்கின அத்தியும் கிஸ்மிசும் தூவித் தட்டுல ஊத்தினா. அதுக்குள்ள வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுது. “கம்ப உள்ள வச்சுட்டேன், இனி உங்க பாடு!”ன்னு சத்தம் குடுத்துட்டு ஓடியாந்தா. கண்ணாடி முன்னால நின்னு தலை சீவிக்கிட்டிருந்த மாஸ்டர் சீப்பும் கையுமா பின்கட்டுக்குப் போனாரு. அடுப்போட இரும்புக் கதவ டமார்னு சாத்தினாரு. “ஆச்சு! இனி முக்கா மணி நேரம்”னு சொல்லிக்கிட்டே முன்னால வந்தாரு.

வந்ததுல ஒருத்தங்க எமிலி டீச்சர். முப்பது வருசம் கணக்குப் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவங்க. சுகர் உள்ள உடம்பு. அவங்க சிரிச்சு ஆலடிவிளையில பாத்தவங்க யாரும் இல்ல. இன்னொருத்தரு கமிட்டிச் செயலாளர் தங்கையா. கையில எப்பவும் ஒரு நோட்டு. யாரு என்ன சொன்னாலும் நம்புத மனுசன்.

பெஞ்சுல உக்காந்ததும் டீச்சர் கேட்டாங்க. “மாஸ்டர், கம்புல கேக்கு செஞ்ச அனுபவம் உண்டா?”

இல்லன்னு சொல்லிருங்க, இன்னைக்கு ஒரு நாள் நெசத்தச் சொல்லிருங்கன்னு செல்லக்கனி கண்ணாலேயே கெஞ்சினா.

“அனுபவமா? நல்லாக் கேட்டீங்க போங்க!” மாஸ்டர் சட்டைக் கையச் சுருட்டினாரு. “நான் தோணியில சமையலுக்குப் போன காலத்துல, பதிமூணு பேர உசுரோட கரை சேத்ததே கம்பும் கிஸ்மிசும்தான் டீச்சர்.”

செல்லக்கனி கண்ண மூடிக்கிட்டா. ஆரம்பிச்சாச்சு.

“தூத்துக்குடியில இருந்து மாலத்தீவுக்குத் தோணி. லோடு பூராக் கம்பு மாவும் கிஸ்மிசும். நடுக்கடல்ல பெய்யி பெய்யின்னு மழை, புயலு. அடியில ஓட்ட விழுந்துட்டு. ஆள் நுழையித ஓட்ட!”

“அவ்வளவு பெரிய ஓட்டைன்னா தோணி அஞ்சு நிமிசம் தாங்காதே” அப்பிடின்னாங்க டீச்சர்.

“தாங்கலயே! தண்ணி நெஞ்சுக்கு வந்துட்டு. அவனவன் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணுதான்.”

“நெஞ்சளவு தண்ணியில முழங்கால்ல நின்னா மூக்கு முங்கிரும்.”

“அதான் டீச்சர், பாதி ஜெபம் கொப்புளமாத்தான் மேல வந்துச்சு. நான் பாத்தேன். கிஸ்மிஸ் மூட்டை அம்புட்டையும் அவுத்துத் தண்ணியில கொட்டினேன். காஞ்ச கிஸ்மிஸ் தண்ணியக் குடிக்கும்லா? குடிச்சுது, குடிச்சுது, ஒவ்வொண்ணும் பனங்காத் தண்டி ஊதிட்டு. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது!”

“அப்ப ஓட்ட?” தங்கையா நோட்ட மூடிட்டு முன்னால நகந்து உக்காந்தாரு.

“அங்கதாம்வே வெனை! ஓட்ட வழியா நாலு கிஸ்மிஸ் வெளிய உருண்டு போயி, கடலக் குடிக்க ஆரம்பிச்சிட்டு. கடலே ரெண்டடி எறங்கிட்டு. நம்ம கரையில மீனெல்லாம் மணல்ல நடந்து போச்சு. பெறகு நான் குதிச்சு, ஒவ்வொரு கிஸ்மிசா ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிஞ்சு, எடுத்த தண்ணியத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். அடுத்தவன் பொருள் நமக்கெதுக்கு?”

தங்கையா பெருமூச்சு விட்டாரு. டீச்சர் மூக்க உறிஞ்சினாங்க. “மாஸ்டர், கால் மணி நேரம் ஆச்சு. கேக்கு வாசன வரலியே? வெறகுப் புகைதான் வருது.”

செல்லக்கனிக்குத் திக்குனுச்சு. அவளும் அதத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தா. பேரீச்சம்பழமும் முட்டையும் சூட்டுல சேந்தா தெருக்கோடி வரைக்கும் தூக்குமே!

“மட்டமான கேக்குதான் வாசனைய வெளிய விடும்” அப்பிடின்னாரு மாஸ்டர். “நல்ல கேக்கு மொத்தத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சிக்கிடும்.”

செல்லக்கனி எந்திரிச்சா. “ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்.”

“ஏட்டி, உக்காரு! பாதியில கதவத் தொறந்தா கேக்கு அமுங்கிராதா?”

அது நெசம். அதனால அவ உக்காந்துட்டா. மாஸ்டர் விட்ட எடத்துல பிடிச்சாரு.

“தண்ணி போச்சு. ஆனா காத்துல பாய் கிழிஞ்சு பறந்துட்டு. கரைக்கு எப்பிடி வர? கம்பு மாவு மூட்டைய உடச்சேன். மேல்தளத்துலயே பிசைஞ்சேன். நம்ம சர்ச்சு மைதானம் அகலத்துக்கு ஒரு ரொட்டி தட்டினேன்.”

“தோணியே மைதானத்துல கால்வாசி இருக்காது” அப்பிடின்னாங்க டீச்சர். “சரி, எதுல சுட்டீங்க?”

“மின்னல்ல.”

“மின்னல்லயா!” தங்கையா நெஞ்சுல கைய வச்சாரு.

“பளீர்னு ஒரு மின்னல், ஒரு பக்கம் வெந்துட்டு. சட்டுனு திருப்பிப் போட்டேன். பளீர்னு இன்னொண்ணு, மறுபக்கமும் ஆச்சு. மூணாவது மின்னல் வருகதுக்குள்ள எடுத்துட்டேன், கருகிரும்லா? அத அப்பிடியே பாயாக் கட்டி, ஒரே காத்துல தூத்துக்குடி வந்து சேந்துட்டோம். எறக்கி மீன் கொழம்பு ஊத்தி வச்சேன். துறைமுகமே உக்காந்து தின்னுச்சு.”

“பாய்மரத்தையுமா தின்னாங்க?”

“மரத்த எப்பிடி டீச்சர் திங்க முடியும்? புளுகக் கூடாது.”

டீச்சர் வாட்சப் பாத்தாங்க. இன்னும் பாதி நேரம் கெடந்துச்சு. “தங்கையா, புது பேக்கரிக்காரங்க எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?”

“பதினோரு மணிக்கு டீச்சர்.”

செல்லக்கனி முந்தானைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. மாஸ்டருக்கும் காதுல விழுந்துட்டு. அவரு கொரலு ஒரு படி ஏறிச்சு.

“இதெல்லாம் சும்மா. அடுத்த நடை போனப்ப நடந்ததுதான் கதை! தோணிக்குக் குறுக்க ஒரு திமிங்கலம். நகரவே மாட்டேங்கு. கண்ணுல இருந்து தண்ணி தாரை தாரையா ஊத்துது. நான் எறங்கிப்போயி வயித்தத் தொட்டுப் பாத்தேன். கல்லு! என்னன்னு கேட்டா, மைதா ஏத்தின கப்பல் ஒண்ண முழுசா முழுங்கியிருக்கு. ஆறு மாசமா ஒண்ணும் போகல.”

“பாவம்” அப்பிடின்னாரு தங்கையா. “எனக்கே மூணு நாளா...”

“தங்கையா!” அப்பிடின்னாங்க டீச்சர்.

“இதுக்கு ஒரே மருந்துதான்னு சொன்னேன். தவிடு எடுக்காத கம்பு நூறு மூட்ட, கேப்பை நூறு மூட்ட, அத்திப்பழம் ஐம்பது மூட்ட. ஒரே கேக்கு! அத வாயில தள்ளி விட்டேன். முழுங்கிச்சு. கொஞ்ச நேரம் கடலே மூச்சு விடல. பெறகு வயித்துக்குள்ள இடி இடிக்க மாதிரி ஒரு சத்தம் கேட்டுது. திமிங்கலம் முழிய உருட்டுது. ஏல, எல்லாவனும் கயித்தப் பிடிச்சுக்கிடுங்கலன்னு நான் கத்துதேன்...”

கடிகாரம் அடிச்சுது. முக்கா மணி நேரம் ஆச்சு.

“முடிச்சுட்டுப் போங்க” அப்பிடின்னாங்க டீச்சர். சொன்ன பெறகுதான் தான் பெஞ்சு நுனியில உக்காந்திருக்கது அவங்களுக்கே தெரிஞ்சுது. சட்டுனு நிமிந்து, “மொதல்ல கேக்கு” அப்பிடின்னாங்க.

நாலு பேரும் பின்கட்டுக்குப் போனாங்க. மாஸ்டர் பெரிய மனுசன் தோரணையில கதவத் தொறந்தாரு. உள்ள தட்டும் இல்ல, கேக்கும் இல்ல. நாலு வேலிக்கருவ வெறகு மட்டும் செக்கச்செவேல்னு கனிஞ்சு கெடந்துச்சு.

நடந்தது இதுதான். அவங்க கடையில தடி வெறகுக்குக் கட்டைன்னு பேரு. கேக்கு வைக்கதுக்கு முன்னால கடைசிச் சூட்டுக்குப் போடுத ஒல்லி வெறகுக்குக் கம்புன்னு பேரு. செல்லக்கனி அந்தக் கம்ப உள்ள வச்சதத்தான் சொன்னா. கேக்கு நெனப்புலயே நின்ன மாஸ்டரு, கம்பு கேக்கு உள்ள போயிட்டுன்னு நெனச்சுக் கதவச் சாத்திட்டாரு. கதவு சாத்தின சத்தத்தக் கேட்டு, அவரு கங்கத் தள்ளிட்டுக் கேக்க வச்சுட்டாருன்னு அவ நெனச்சுட்டா. மாவுத் தட்டு அலமாரியில துணி மூடின மேனிக்கு இருந்துச்சு.

“நீதான ஏட்டி கம்ப வச்சுட்டேன்ன?”

“நான் வெறகச் சொன்னேன்!”

எமிலி டீச்சர் கண்ணாடியச் சரிபண்ணி, குனிஞ்சு அடுப்புக்குள்ள நல்லாப் பாத்தாங்க.

“கம்பு நல்லா வெந்திருக்கு மாஸ்டர்.”

மாஸ்டருக்குக் காது ரெண்டும் செவந்து போச்சு. தங்கையா தயங்கித் தயங்கி, “பதினொண்ணு ஆகப்போகுது டீச்சர்” அப்பிடின்னாரு. செல்லக்கனிக்கு மெட்ராஸ் பஸ்ஸு ஆரன் அடிக்கதே காதுல கேட்டுட்டு. அவ கங்க ஒதுக்கித் தள்ளி, தட்ட எடுத்து உள்ள வச்சு, கதவச் சாத்தினா.

டீச்சர் வாசலுக்குப் போகல. திரும்பி வந்து பெஞ்சுல உக்காந்தாங்க. “இன்னும் முக்கா மணி நேரமா? சரி, திமிங்கலத்துக்கு என்ன ஆச்சு?”

எல்லாரும் மாஸ்டரப் பாத்தாங்க. மாஸ்டர் தரையப் பாத்தாரு. பொறந்ததுல இருந்து மொத தடவையா அவருகிட்ட சொல்ல ஒண்ணுமில்ல. அந்த மூஞ்சியப் பாக்க செல்லக்கனிக்குத் தாங்கல. காலேஜுப் பையன் மாதிரி தலை சீவிக்கிட்டு, தோத்துப்போயி நிக்காரே மனுசன்!

“அது வந்து டீச்சர்...” அப்பிடின்னா அவ. அவ கொரலு அவளுக்கே புதுசா இருந்துச்சு. “அதுக்கு வயிறு எறங்கிட்டு.”

“பெறகு?”

“பெறகென்ன, ஆறு மாசத்துச் சரக்குல்லா! அந்த வேகத்துல அடிச்ச அலையில தோணி வானத்துல பறந்துட்டு. கன்னியாகுமரியத் தாண்டுச்சு, திருச்செந்தூரத் தாண்டுச்சு, நேரா வந்து நம்ம பஞ்சாயத்துக் கெணத்துல விழுந்துட்டு. நான் அன்னைக்குத் தண்ணி எடுக்கப் போயிருந்தேன். வாளி கனக்கேன்னு இழுத்துப் பாத்தா, உள்ள இந்தாளு உக்காந்திருக்காரு! அப்பிடித்தான் டீச்சர் எங்க கலியாணமே நடந்துச்சு. இல்லன்னா இந்த மூஞ்சிக்கு யாரு பொண்ணு குடுப்பா?”

மாஸ்டர் நிமிந்து பெஞ்சாதியப் பாத்தாரு. இத்தன வருசத்துல அப்பிடிப் பாத்ததே இல்ல.

“திமிங்கலம்?” தங்கையா விடல.

“அது நன்றி கெட்டதில்ல அண்ணாச்சி. வருசா வருசம் அறுப்பின் பண்டிகைக்குக் கரைக்கு வந்து, கம்பு கேக்கு உண்டான்னு வாயத் தொறந்துக்கிட்டு கெடக்கு. நாமதான் வருசா வருசம் மைதாவையே நீட்டுதோம். கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டுத் திரும்பிப் போவுது.”

அந்நேரம் பின்கட்டுல இருந்து வாசன வந்துச்சு. பேரீச்சம்பழமும் வறுத்த கம்பும் சேந்த வாசன. தெருவுல போன ரெண்டு பேரு நின்னு திரும்பிப் பாத்தாங்க. நல்ல கேக்கு வாசனைய வெளிய விடாதுன்னு மாஸ்டர் சொன்னத அப்போ யாரும் ஞாபகப்படுத்தல.

கேக்கு வந்துச்சு. டீச்சர் ஒரு துண்டு எடுத்து மெதுவா மென்னாங்க. இன்னொரு துண்டு எடுத்தாங்க. மூணாவதுக்குக் கை நீண்டப்ப, “டீச்சர், சுகரு” அப்பிடின்னாரு தங்கையா. டீச்சர் கையத் தொடச்சிக்கிட்டு எந்திரிச்சாங்க.

“எழுதும் தங்கையா. ஐநூறு.”

செல்லக்கனி சுவரப் பிடிச்சிக்கிட்டா. மாஸ்டர் முதுகத் திருப்பிக்கிட்டுக் கண்ணத் தொடச்சாரு. கேட்டா புகைன்னு சொல்லிருப்பாரு, யாரும் கேக்கல.

டீச்சர் செருப்ப மாட்டிட்டு நாலு எட்டு நடந்தாங்க. திரும்பி நின்னாங்க.

“ஐநூத்தி ஒண்ணுன்னு திருத்தும். பண்டிகைக்குத் திமிங்கலம் வந்தா அதுவும் கேக்கும்லா?”