எலியாப் ரட் நகர்த்திய பீப்பாய்

வழக்கு ஒன்று வைக்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. சட்டம் பேசுகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாயைத் திறக்க வேண்டாம்.

அமெரிக்கா அப்போது இளம் நாடு. இங்கிலாந்தோடு கடலில் சண்டை. போர்க்கப்பல் கேப்டன் எலியாப் ரட் ஒரு தோல்வியில், ஹார்வெல் என்ற ஆங்கிலேயக் கேப்டனிடம் பிடிபட்டார். அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இன்று நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. பிடிபட்ட அதிகாரியிடம் வாக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். அவருக்கு ஈடாக எதிர்த்தரப்பு அதிகாரி ஒருவர் விடுதலையாகும்வரை அவர் போரில் இறங்கக் கூடாது. “அதுவரை என் கையால் உங்கள் கப்பலுக்கு ஒரு தீங்கும் வராது” என்றார் எலியாப். ஹார்வெல் நம்பிக் கைகுலுக்கி அனுப்பினார்.

கரையில் மனிதருக்குப் பொழுதே போகவில்லை. தார் வாசனை, பாயில் காற்று அறையும் சத்தம், விடிகாலையில் மேல்தளத்தைக் கழுவும் மாலுமிகளின் பாட்டு எல்லாம் கனவில் வந்து படுத்தின. ஈடு சீக்கிரம் கிடைத்துவிடும், புதுக் கப்பல் காத்திருக்கிறது என்று கடற்படையிலிருந்து தகவல் வந்ததும் சின்னப் பிள்ளைபோல் சீருடைப் பொத்தான்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் ஹார்வெல்லின் கப்பலே எலியாப்பின் ஊர்த் துறைமுக வாயிலில் வந்து நின்றது. அங்கே ஆழமான வழியைக் காட்ட ஒரு பீப்பாய் மிதக்கும். பிடிபடுவதற்கு முன்பே எலியாப் அதைப் பாறைப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். உள்ளூர்ப் படகுகளுக்கு விஷயம் தெரியும். எதிரி வந்தால் நேரே பாறையில் மோதுவான். இப்போது கப்பல் அந்தப் பீப்பாயை நோக்கித்தான் திரும்பியது.

கரைப் பீரங்கிகளின் தலைவன் பெலெக், எலியாப் மனைவியின் தம்பி. நம் ஊராக இருந்தால் அத்தான் என்றிருப்பான். அவன் கேப்டன் என்பான்.

“கேப்டன், பீப்பாயை நகர்த்தினது போன வருஷம். வாக்குக் கொடுத்தது இந்த வருஷம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருங்க. அது போதும்.”

எச்சரிக்கப் போனால் இனி ஆயுசுக்கும் கப்பல் கிடைக்காது என்றும் சொன்னான்.

“நகர்த்தின கை என்னுதுதானே, பெலெக்” என்றார் எலியாப். படகை எடுத்தார், துடுப்புப் போட்டுப் போனார், தொண்டை கிழியக் கத்தினார். கப்பல் திரும்பித் தப்பியது. அடுத்த வாரமே அதே கப்பல் அந்த ஊர் மீன்படகுகளைப் பிடித்துப் போனது. ஊர் எலியாப்பைக் காறித் துப்பியது. கடற்படை பதவியைப் பறித்தது. பெலெக் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

இப்போது சொல்லுங்கள்: எலியாப், பெலெக், இருவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: பெலெக்கின் தேதிக் கணக்கில் பிழை இல்லை. படகை இழந்தவர்களின் கோபத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாக்குக் கொடுத்த அன்று பீப்பாய் இடம் மாறியிருப்பது எலியாப்புக்குத் தெரியும், ஹார்வெல்லுக்குத் தெரியாது. அதை மறைத்துவிட்டு வாக்கைக் காப்பாற்றினேன் என்பது பித்தலாட்டம். எலியாப் செய்ததே சரி. வயதான காலத்தில், வருத்தமில்லையா என்று மனைவி டார்க்கஸ் கேட்டாள். “இல்லாம இருக்குமா? பாய் விரிச்சு ஒரு கப்பல் போனாலே அழுகை வருது. ஆனா என்னை நம்பினவன் எவனும் தண்ணிக்கு அடியில கிடக்கலை” என்றார்.