முள்ளம்பன்றியின் முதுகு

மழை பொய்த்த ஒரு காட்டில், ஒரே ஒரு குளம் மட்டும் வற்றாமல் இருந்தது. அரசனான சிங்கம் அதைச் சுற்றி முள்வேலி போட்டது.

"இனி இது என் குளம். மற்றவர்கள் மலைக்கு அப்பால் இருக்கும் ஓடைக்குப் போங்கள். எதிர்த்துப் பேசுபவரைக் காடு கடத்துவேன்!" என்று கர்ஜித்தது.

விலங்குகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. பிடிவாதக்கார முள்ளம்பன்றியும் மூடிக்கொண்டது. ஆனால் மறுநாள் காலையில் சிங்கம் தண்ணீர் குடிக்க வந்தபோது, முள்ளம்பன்றி வேலியோரமாக முதுகைக் காட்டி நின்றது.

அடுத்த நாள் மானும் முயலும் அப்படியே நின்றன. அதற்கடுத்த நாள் காடே முதுகைக் காட்டியது. சிங்கத்துக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை.

குறும்புக்காரக் குரங்குக்கு இது போதவில்லை. மர உச்சியில் ஏறி, "கெக்! கெக்!" என்று கத்தியது. வேடனைக் கண்டால் மட்டுமே குரங்குகள் எழுப்பும் குரல் அது. வேடன் யாரும் வரவில்லை. ஆனாலும் விலங்குகள் பதறி ஓடின. அந்த நெரிசலில் மிதிபட்டு, ஒரு மான்குட்டியின் கால் ஒடிந்தது.

சிங்கத்துக்கு நல்ல சாக்குக் கிடைத்தது. முள்ளம்பன்றியையும் குரங்கையும் நீதிபதியான யானையிடம் இழுத்துச் சென்றது. யானையின் தீர்ப்புக்கு அரசனும் கட்டுப்பட வேண்டும்.

"இரண்டும் ஒரே குற்றம். இரண்டையும் காடு கடத்து!" என்றது சிங்கம்.

"நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, யானையாரே!" என்றது முள்ளம்பன்றி.

"உன் முதுகு பேசியது. எனக்கே நன்றாகக் கேட்டது," என்ற யானை, சிங்கத்தின் பக்கம் திரும்பியது. "அதனால் தங்களுக்கு எங்கே அடிபட்டது, அரசே?"

"மனத்தில்!"

"அதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. பிறருக்குக் கேடு செய்யாதவரைக் காடு கடத்தக் கூடாது என்று தங்கள் பாட்டனாரே விதித்திருக்கிறார். முள்ளம்பன்றி போகலாம்."

குரங்கு துள்ளியது. "அது முதுகால் பேசியது, நான் வாயால் பேசினேன். நானும் போகலாமா?"

"உன் பேச்சு ஒரு காலை ஒடித்துவிட்டது. குட்டி எழுந்து நடக்கும்வரை தினமும் நீதான் அதற்குக் குளத்து நீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்."

"குளத்துக்கா? வேலி இருக்கிறதே!"

யானை சிங்கத்தையே பார்த்தது. சிங்கம் தரையைப் பார்த்தது. பிறகு, "வழி விடுகிறேன்," என்று முணுமுணுத்தது.

மறுநாள் வேலியில் ஓர் இடைவெளி இருந்தது. குரங்கு நுழைந்த வழியில் முயல் நுழைந்தது. முயலின் பின்னால் மான் நுழைந்தது. மான்கள் வரவர வழி அகலமானது. சிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தது, தடுக்கவில்லை.

கடைசியாக வந்த முள்ளம்பன்றி வயிறு நிறையக் குடித்தது. பிறகு சிங்கத்துக்கு முன்னால் வந்து, முகத்தைக் காட்டி வணங்கியது.

நீதி: எதிர்ப்பைக் காட்ட எவருக்கும் உரிமை உண்டு, பொய்க் கூச்சலிட்டுப் பிறரை ஊனமாக்க எவருக்கும் உரிமை இல்லை.