ராஜாவின் பிறந்தநாளும் ஏரிக்கரை மண்ணும்

நவம்பர் 12, புதன்.

இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். புதன்கிழமைதோறும் எங்களில் ஒருவர், 'இதே நாளில் முன்பு நடந்தது' என்று ஒன்றைப் பலகையில் எழுத வேண்டும். இன்று என் முறை. நான் எழுதியது பதின்மூன்றாம் தேதி நடந்த சம்பவம். ஆசிரியர் திட்டவில்லை. அதைத் துடைத்துவிட்டு, "அது நாளைக்கு நடக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நடந்த ஒன்றைத் துடைத்தால் அதோடு வேறு என்னவெல்லாம் போகும் என்று பேருந்தில் வரும்போது யோசித்தேன். அப்படி வந்த கதை இது. விகடக் கதை எழுதுவது எனக்கு முதல் முறை. வரிசை பிசகாமல் எழுதப் பார்க்கிறேன்.

முன்னொரு காலத்தில், பெரிய ஏரி ஒன்றின் கீழே தலைநகரை வைத்திருந்த ஒரு நாட்டில், உதயகேசரி என்ற ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் ஐப்பசி மாதம் வந்தால் அவருக்கு ஒரு மனக்குறையும் கூடவே வந்துவிடும். அவருடைய பிறந்தநாளன்று ஊரில் பாதிப் பேர் அரண்மனைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. ராஜா பிறந்த அதே இரவில் பெருமழை கொட்டி ஏரிக்கரை உடைந்தது. கறுப்பண்ணன் அந்த ஏரியின் நீர்க்கட்டி. மடையைத் திறப்பது, அடைப்பது, கரையைக் காப்பது எல்லாம் அவன் வேலை. அன்று அவன் உடைப்பில் இறங்கி, ஒரு கதவுப் பலகையை முதுகால் தாங்கி நின்றான். மற்றவர்கள் மேலிருந்து மண்ணைக் கொட்டினார்கள். கரை நின்றது. கறுப்பண்ணன் மேலே வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அதே நாளில், வீட்டுக்கு ஒரு கூடை மண் கொண்டுபோய் அந்த இடத்தில் கொட்டி மிதிப்பது ஊர் வழக்கம். கார்த்திகை அடைமழைக்கு முன் கரை கெட்டிப்படுவது அப்படித்தான்.

அந்த வருஷம் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. சபையில் சொன்னார்: "நாம் பிறந்த நாளில் நம் பிறப்பைத் தவிர வேறெதுவும் நினைக்கப்படக் கூடாது. அந்த நாளில் எந்தக் காலத்தில் எது நடந்திருந்தாலும் நீக்கிவிடுங்கள்."

நடந்ததை எப்படி நீக்குவது? முதல் மந்திரியான பிரதானி நரசிங்கர் மட்டும் எழுந்தார். ராஜா தினமும் தம் விகடகவி அம்பலவனோடு உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"அரசே, இது புத்திசாலி செய்ய வேண்டிய வேலை. அம்பலவனிடம் ஒப்படையுங்கள். பிறந்தநாளுக்கு முந்தின மாலை விழா ஒத்திகை. அதற்குள் அந்த நாளின் பழைய நிகழ்ச்சி ஒன்றாவது மிச்சமிருந்தால், அவர் இந்த நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

அம்பலவன் கைகட்டி நின்று கேட்டான்: "ஒரு சந்தேகம், பிரதானியாரே. நிகழ்ச்சியை மட்டும் நீக்கினால் போதுமா? அதனால் விளைந்ததையும் நீக்க வேண்டுமா?"

நரசிங்கருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். குழியை அவனே ஆழப்படுத்திக்கொள்கிறான் என்று நினைத்தார்.

"விளைவை விட்டுவைத்தால் நீக்கியது ஆகுமா? எல்லாவற்றையும் நீக்க வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்று ராஜா தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அம்பலவனிடம் கொடுத்தார்.

கரைக்கு யாரும் போகக் கூடாது, எல்லோரும் மாலையோடு அரண்மனை வாசலில் நிற்க வேண்டும் என்று பிரதானி அன்றே தண்டோரா போடச் சொன்னார். அதைக் கேட்டு அம்பலவன் வீட்டுக்கு வந்தவள் பொன்னாத்தாள். கறுப்பண்ணனின் மனைவி. அவனுக்குப் பிறகு நீர்க்கட்டி வேலையை அவள்தான் பார்த்துவந்தாள்.

"இந்த வருஷம் நண்டு வளை அதிகம் சாமி. கரையைக் காலால அழுத்தினா அமுங்குது. மண்ணு கொட்டாம விட்டா ஒரு மழை தாங்காது."

"அரண்மனையில் சொல்லலாமே?"

"போனேன். பிரதானி ஐயா வாசல்லயே நிறுத்திட்டாரு. பொறந்தநாள் முடியட்டும், மெதுவா பாத்துக்கலாம்னாரு. மழை அவருகிட்ட கேட்டுக்கிட்டா வரும்?"

அம்பலவன் ராஜாவின் மோதிரத்தை விரலில் திருப்பிப் பார்த்தான்.

"ராஜாவைச் சிரிக்க வெக்கத்தான் உங்களுக்குத் தெரியும்னு ஊர்ல பேசிக்கிறாங்க" என்றாள் பொன்னாத்தாள். "மண்ணு சுமக்க வெக்கத் தெரியுமா?"

"தெரியாது" என்றான் அம்பலவன். "ஒத்திகைக்கு நீங்கள் சபைக்கு வாருங்கள். பார்ப்போம்."

ஒத்திகை நாள் வந்தது. காலையில் பல்லக்கில் கிளம்பிய பிரதானி, தலைநகரின் வடக்கு வாசல் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தார். அவர் வீடு அந்த வாசலுக்கு வெளியே. காவலர்கள் முத்திரையிட்ட உத்தரவைக் காட்டினார்கள். ராஜாவின் பாட்டனார் அந்த வாசலைத் திறந்துவைத்தது ராஜா பிறந்த அதே தேதியில். ஆகவே அது திறக்கப்படவில்லை என்று கொள்ள வேண்டும். பிரதானி சுடுகாட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர மாலையாகிவிட்டது.

சபைக்குள் வந்தால் அவருடைய ஆசனம் இல்லை.

"உங்கள் தகப்பனார் பிரதானியாக நியமிக்கப்பட்டதும் அந்தத் தேதியில்தான்" என்றான் அம்பலவன். "அவர் வழியாக உங்களுக்கு வந்த பதவி. விளைவையும் நீக்கச் சொன்னீர்கள். அந்தத் தூண் பக்கம் நின்றுகொள்ளுங்கள்."

சபையில் சிலர் இருமினார்கள். இருமல் மாதிரிதான் இருந்தது.

பிறகு ராஜா வந்தார். முரசு ஒலிக்கவில்லை. சபையில் விளக்கு இல்லை, தோரணம் இல்லை, மேடையில் சிம்மாசனமும் இல்லை. நடுவில் அம்பலவன் மட்டும் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். ராஜாவைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"அம்பலவா, என்ன இது? நம் சிம்மாசனம் எங்கே?"

அம்பலவன் நிதானமாகக் கேட்டான். "தாங்கள் யார் என்று தெரியவில்லையே."

நரசிங்கர் தூண் பக்கத்திலிருந்து முன்னே வந்தார். "அரசே, இது ராஜ நிந்தனை. இதற்கு நாடு கடத்தல் போதாது."

ராஜா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "முதலில் அவன் சொல்லி முடிக்கட்டும். பிறகு தண்டனை."

அம்பலவன் எழுந்து நின்றான். "ஆணைப்படி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தேன், அரசே. வடக்கு வாசலை நீக்கினேன். பிரதானியாரை நீக்கினேன். கடைசியில் கறுப்பண்ணன் உடைப்பில் நின்றதை நீக்கினேன். அதை நீக்கியதும் கரை உடைந்துவிட்டது. அதன் விளைவை நான் சொல்வதைவிட, அன்று கரைமேல் நின்றவர் சொல்வது நல்லது."

பொன்னாத்தாள் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"ஏரிக்கு நேர் கீழே அரண்மனைதான் சாமி. அன்னைக்கு உடைப்புல கசிஞ்ச தண்ணியே இந்த முற்றத்துல முழங்கால் ஆழம். முழுசா உடைஞ்சிருந்தா மாடிகூட மிஞ்சியிருக்காது. அந்த நேரம் மகாராணி அம்மா கீழ் அறையில பிரசவ வலியில இருந்தாங்க. என் வீட்டுக்காரரு இறங்கறதுக்கு முன்னால, அரண்மனைக்குள்ள ஆளு இருக்குன்னு சொல்லிட்டுத்தான் இறங்கினாரு."

"பிரசவத்துக்கும் கரைக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் நரசிங்கர். "இவள் ஏதோ…"

"இருங்கள்" என்றார் ராஜா.

(இந்த இடத்தில் ராஜாவுக்கு நீளமான வசனம் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.)

"தண்ணீர் அறை வாசற்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டது என்று அம்மா சொல்லுவார்" என்றார் ராஜா. "வருஷாவருஷம் சொல்லுவார். ஏன் நின்றது என்று நான் கேட்டதில்லை."

அம்பலவன் மோதிரத்தை ஒரு தாம்பாளத்தில் வைத்து நீட்டினான். "கறுப்பண்ணன் நிற்கவில்லை என்றால் தாங்கள் பிறக்கவில்லை, அரசே. பிறக்காதவருக்கு எதற்குச் சிம்மாசனம்? ஆகவே அதையும் நீக்கினேன். ஆணையில் ஒரு சொல்லையும் நான் மீறவில்லை. மீறியிருந்தால் பிரதானியார் காட்டட்டும்."

நரசிங்கர் மறுபடி தூண் பக்கம் போய் நின்றார். விளைவையும் நீக்கச் சொன்னது அவரேதான்.

"அப்படியானால் நாளைக்கு நமக்குப் பிறந்தநாள் கிடையாது" என்றார் ராஜா.

"கிடையாது."

"பாயசம்?"

"சமையல்காரரை அனுப்பிவிட்டேன்."

"நாளெல்லாம் நாம் என்னதான் செய்வது?"

"பிறக்காதவருக்கு அரண்மனையில் வேலை இல்லை, அரசே. ஏரிக்கரையில் உண்டு. கூடை வேண்டுமானால் இதோ இருக்கிறது" என்று அம்பலவன் தான் உட்கார்ந்திருந்த கூடையை நிமிர்த்திக் காட்டினான்.

ராஜா அந்தக் கூடையைப் பார்த்தார். தூணோரம் நின்ற பிரதானியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பொன்னாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாசலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா அதைக் கவனித்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"கரை எத்தனை நாள் தாங்கும், அம்மா?"

"நாளைக்கே கொட்டி மிதிச்சா இந்த வருஷம் தாங்கும் சாமி. நாளன்னைக்குன்னா எனக்குத் தெரியாது."

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலவனுக்குப் போட்டார். பிரதானிக்கு ஆசனம் எப்போது திரும்பி வரும் என்று யாரோ கேட்டார்கள். கரை வேலை முடிந்த பிறகு, பொன்னாத்தாள் போதும் என்று சொன்னால் வரும் என்றார் ராஜா.

இருட்டுவதற்குள் தண்டோராக்காரன் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான்: மாலைகள் வேண்டாம். நாளை விடியும்போது எல்லோரும் ஏரிக்கரைக்கு வர வேண்டும். வீட்டுக்கு ஒரு கூடை மண். அரண்மனைக்கும் ஒரு கூடை, ராஜா சுமப்பார். பிரதானி வீட்டுக்கு இரண்டு. முதலில் நண்டு வளைகளை அடைக்க வேண்டும், பிறகு கொட்டி மிதிக்க வேண்டும்.