ஒரே நாளில் சோற்றை விட்ட ராஜா

முன்னொரு காலத்தில், சோற்றைக் கண்டால் ராஜ்ஜியத்தையே மறந்துவிடும் ராஜா ஒருவர் இருந்தார். பெயர் விசயகண்டர். காலையில் நெய்ப்பொங்கல், மதியம் இலை நிறையச் சோறு, இரவில் பால்சோறு, நடுநடுவே அதிரசம். கடைசியில் பாதம் எரிந்தது, தாகம் அடங்கவில்லை, ராஜா சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. அரண்மனை வைத்தியர் திருமேனியார், உடம்பில் ஏறிய சர்க்கரையை இறக்கக் கசப்புக் கஷாயம் கொடுத்தார். "சோற்றையும் குறைக்க வேண்டும், மகாராஜா" என்றார்.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"குறைப்பதாவது! நாளை முதல் ஒரு பருக்கை கூடக் கிடையாது. என் நாட்டில் இனி எதுவுமே கொஞ்சம் கொஞ்சமாக நடக்கக் கூடாது. அந்தச் சொல்லைச் சொல்பவன் தலையும் உருளும், அப்படிச் செய்பவன் தலையும் உருளும்!"

சோறு நின்றது. கஷாயம் நிற்கவில்லை, பழைய அளவிலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது. சீக்கிரமே ராஜாவுக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. போதாக்குறைக்குக் கோபம் வேறு. சபையில் தும்மிய காவலன் சிறைக்குப் போனான். அதன்பிறகு மூச்சு விடவே எல்லோரும் பயந்தார்கள்.

விகடகவி ஆவுடையானுக்கும் பயம்தான். ஆனால் அவன் பயம், ராஜா பிழைப்பாரா என்பது. வைத்தியரைத் தனியே பிடித்தான்.

"ஐயா, சோறுதான் இல்லையே, கஷாயத்தையாவது குறைக்கக் கூடாதா? சோற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தால்..."

வைத்தியருக்கு அது தெரியாதா என்ன? சொன்னால் தலை போகுமே! அதோடு, ராஜா இந்தக் கோமாளியிடம் மட்டும் சிரித்துப் பேசுகிறாரே என்ற எரிச்சலும் நெடுநாளாக இருந்தது. நேரே போய்ப் போட்டுக்கொடுத்தார். "பிரபு, ஆவுடையான் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான்."

மறுநாள் காலை ஆவுடையானைக் கை கட்டிக் கோட்டை வாசலில் நிறுத்தினார்கள். பக்கத்தில் வாளோடு தலை வெட்டும் சேவகன். தண்டனையைப் பார்க்க ராஜா பல்லக்கில் வந்தார். சுமந்து வந்தவர்கள் பல்லக்கை இறக்கக் குனிந்தார்கள்.

"நில்லுங்கள்!" என்று அலறினான் ஆவுடையான். "மெல்லக் குனிந்து இறக்கினால் கட்டளையை மீறியதாகும். உங்கள் தலையும் போய்விடும். ஒரேயடியாகக் கையை விடுங்கள்!"

அவர்களுக்கு உதறல் எடுத்தது. மெல்ல இறக்கினாலும் வாள், கீழே போட்டாலும் வாள். தோள்கள் நடுங்க, பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஐயோ, போட்டுவிடாதீர்கள்!" உள்ளேயிருந்து ராஜா கத்தினார். "மெதுவாக! கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்!"

பல்லக்கு தரையைத் தொட்டது. வாள் ஏந்திய சேவகன் வாளைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான், பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

"மகாராஜா," என்றான் ஆவுடையான். "தோள் உயரத்திலிருந்து ஒரேயடியாக இறங்கவே தங்களுக்குப் பயமாக இருக்கிறது. பிறந்தது முதல் சாப்பிட்ட சோற்றை விட்டு ஒரே நாளில் இறங்கு என்றால், பாவம், அந்த உடம்பு என்ன செய்யும்?"

ராஜா பதில் சொல்ல வாயெடுத்தார். நாக்கு குழறியது. வியர்வை வழியப் பல்லக்கில் சாய்ந்தார்.

"சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது! வெல்லத் தண்ணீர்! சீக்கிரம்!" கட்டிய கையோடு ஆவுடையான் கதறினான்.

வைத்தியர் ஓடிப்போய்க் கரைத்து வந்தார். ராஜா மடக்கு மடக்காகக் குடித்தார். அவர் முகம் தெளிந்ததும், வைத்தியர் ராஜாவின் காலில் விழுந்தார். "கஷாயத்தை அன்றே குறைத்திருக்க வேண்டும், பிரபு. சொல்லப் பயந்தேன்."

ராஜா அவரைப் பார்த்தார், வாளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கட்டளையை மீறியவன் நானே. என் தலை எனக்கு வேண்டும். ஆகவே கட்டளை ரத்து!"

அன்று முதல் ராஜாவின் சோறு பிடி பிடியாகக் குறைந்தது. வைத்தியர் நாடி பார்த்துப் பார்த்துக் கஷாயத்தையும் குறைத்தார். களைப்புக்கு உப்பிட்ட மோர் வந்தது.

"ஆவுடையா, நான் குறைக்கும் சோற்றுக்கான அரிசியெல்லாம் இனி உன் வீட்டுக்குத்தான்" என்றார் ராஜா. "ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்!"

சபையே சிரித்தது. ஆவுடையானும் சிரித்தான். கை மட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.