கனகசபாபதி இயற்றிய நூல்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களைப் பட்டியலிடும் அமலோற்பவம் தற்காலிக ஊழியர். எழுதியவர் வேறு, கொடுத்தவர் வேறு என்பது அவள் தொழிலின் முதல் பாடம். புலத்தலைவர் கனகசபாபதிக்கு அது தெரியாது. வீட்டில் கிடந்த பழைய புத்தகங்களை லாரியில் ஏற்றி நூலகத்துக்கு நன்கொடையாக அனுப்பிவிட்டு, நேரில் வந்து நின்றார்.

"எல்லாத்துக்கும் ஆசிரியர்னு என் பேரைப் போடும்மா. கம்ப்யூட்டர்ல தேடினா நான்தான் வரணும்."

"கொடையாளர்னு போடறேன் சார். ஆசிரியர்னா எழுதினவங்கதானே?"

"எனக்கே பாடமா? போடலைன்னா உனக்கு இங்க வேலை இருக்காது."

"சரி சார். ஒண்ணுகூட விடமாட்டேன்."

நன்கொடைப் பிரிவின் திறப்பு விழாவில் புலத்தலைவரே பெரிய திரையில் தம் பெயரைத் தேடச் சொன்னார். துணைவேந்தர் அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசித்தார்.

"'வெண்பன்றி வளர்ப்பு.' பரவாயில்லையே! 'வழுக்கையில் முடி முளைக்க வழிகள்.'"

சபை முழுவதும் கனகசபாபதியின் தலையைப் பார்த்தது.

"'என் மூன்று பிரசவங்கள்.' இது எப்ப சார்?"

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது.

"ஐயோ மேடம், அதெல்லாம் நான் எழுதலை! நான் கொடுத்தேன், அவ்வளவுதான்!"

"அப்ப உங்க பேரைப் போடச் சொன்னது யாரு?"

புலத்தலைவர் மேசை விரிப்பை ஆராய்ந்தார்.

அமலோற்பவம் பணிவாக எழுந்தாள். "இப்பவே எடுத்துடறேன் சார். நீங்க எழுதினது எதுன்னு சொன்னா, அதை மட்டும் விட்டுடறேன்."

கனகசபாபதி பட்டியலை மேலிருந்து கீழ்வரை இருமுறை பார்த்தார். அவள் ஒவ்வொன்றாக நீக்கினாள். திரையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அம்மையார் அங்கேயே அவளை நிரந்தர ஊழியராக அறிவித்தார். மேடையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தும் கௌரவம் புலத்தலைவருக்குக் கிடைத்தது.